ஓய்வுநாள் பானை

அம்மாவுக்கு ஆளில்லாத அடுப்பு பிடிக்காது. அடுப்பைச் சிறு தீயில் எரியவிட்டுவிட்டு வாசலில் கறிவேப்பிலை ஒடிக்கப் போனால்கூட இரண்டு முறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒடிப்பார். அதனால் போன வருடம் நான் ஸ்லோ குக்கர் ஒன்றை வாங்கி வந்து சமையலறை மேசையில் வைத்தபோது அவர் முதலில் கேட்டது விலையை அல்ல.

"ராத்திரி பூரா இத யாரு பாக்கிறது?"

"யாரும் பாக்க வேணாம்மா. அதுக்குத்தான் இதையே வாங்கினேன்."

"யாரும் பாக்காம எறச்சி எப்படிடா வேகும்?"

நான் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளனாக இருக்கிறேன். ஷிஃப்ட் 12 மணி நேரம். இந்தச் சாதனம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பேன். ஒரு பீங்கான் சட்டி, அதைச் சுற்றி ஒரு வெப்பக் கம்பி, மேலே கண்ணாடி மூடி, அவ்வளவுதான். என்னுடைய குக்கரின் அடியில் 210 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. பழைய காலத்துக் குண்டு பல்புகள் மூன்றைச் சேர்த்து எரிப்பதைவிடச் சற்று அதிகம். ஆனால் அம்மா கேட்டது அதுவல்ல. யாரும் பார்க்காமல் இறைச்சி வேக வேண்டும் என்று முதலில் யார், எதற்காக நினைத்தார்கள்? இந்தக் கேள்வியைத் தேடிப் போனபோது நான் எதிர்பார்த்தது ஏதோ ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையின் கதை. வந்து சேர்ந்த இடம் லித்துவேனியாவின் வில்னா நகரில் ஒரு ரொட்டிக்கடை.

அதற்கு முன் ஓர் ஒப்புதல். என் முதல் சமையல் படுதோல்வி. 2.3 கிலோ ஆட்டுத்தொடையை, முழுசாக, ஃப்ரீஸரிலிருந்து எடுத்த கையோடு சட்டிக்குள் இறக்கினேன். இரவு பத்து மணிக்குப் போட்டது. காலை ஐந்து மணிக்கு எழுந்து கத்தியால் குத்திப் பார்த்தால் வெளியே பழுப்பு நிறம், எலும்பை ஒட்டிய இடத்தில் இளஞ்சூடான சிவப்பு. அம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தார். ஏன் அப்படி ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்தக் காரணத்துக்கும் வில்னா ரொட்டிக்கடைக்கும் தொடர்பு இருக்கிறது.

*

ஸ்லோ குக்கருக்குக் காப்புரிமை பெற்றவர் இர்விங் நாக்சன். 1902இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது குடும்பப் பெயர் நாஹும்சோன். சிறுவனாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். குடும்பம் வடக்கு டக்கோட்டாவுக்கும் பிறகு கனடாவின் வின்னிபெக்குக்கும் இடம்பெயர்ந்தது. அவர் மின்பொறியியலைத் தபால்வழியாகப் படித்தார். பிறகு சிக்காகோவுக்குப் போய் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளர் ஆனார். ஓய்வு நேரத்தில் எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார். வழக்கறிஞருக்குப் பணம் கட்டி மாளாது என்று காப்புரிமைச் சட்டத் தேர்வையே எழுதித் தேறிவிட்டார். அவர் பெயரில் 200க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இருந்ததாகச் சொல்கிறார்கள்.

அவற்றில் ஒன்றுக்கு 1936இல் விண்ணப்பித்து, 1940 ஜனவரி 23இல் பெற்றார். ஒரு சட்டி, அதைச் சுற்றிலும் அணைத்தாற்போல் ஒரு வெப்பமூட்டி, வெளியே ஓர் உறை. எங்கு வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். சிக்காகோவின் கோடைக்காலத்தில் அடுப்பை மணிக்கணக்கில் எரியவிட்டு வீட்டையும் சேர்த்து வேகவைக்கக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவருடைய அம்மா தமாரா.

தமாரா வில்னாவில் வளர்ந்தவர். சிறுமியாக இருந்தபோது வெள்ளிக்கிழமை மாலைகளில் அவருடைய அம்மா ஒரு பானையைக் கையில் கொடுத்து ரொட்டிக்கடைக்கு அனுப்புவார். பானைக்குள் இறைச்சி, அவரை வகைகள், கிழங்கு. கடைக்காரர் அன்றைய ரொட்டி வேலையை முடித்து அடுப்பின் தீயை அணைத்திருப்பார். அந்த வெதுவெதுப்பான அடுப்புக்குள் தெருவின் பானைகளெல்லாம் போகும். மறுநாள் சனிக்கிழமை, தொழுகை முடிந்ததும் அவரவர் பானையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இரவு முழுக்க யாரும் கிளறவில்லை, யாரும் விறகு தள்ளவில்லை. அந்த உணவின் பெயர் ச்சோலந்த். அம்மா சொன்ன இந்தக் கதையைத்தான் மகன் பீங்கானும் கம்பியுமாக மாற்றினார்.

*

ஏன் யாரும் கிளறவில்லை? கிளறக் கூடாது என்பது சட்டம்.

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி சனிக்கிழமை இருட்டும்வரை நீள்கிறது. அன்று வேலை கூடாது. 'வேலை' என்றால் என்ன என்பதற்கு, ஏறக்குறைய கிபி 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூல் 39 வகைகளைப் பட்டியல் போடுகிறது. உழுவது, விதைப்பது, நெய்வது, தைப்பது, எழுதுவது, கட்டுவது, இடிப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. தீ மூட்டுவது, தீ அணைப்பது, சமைப்பது ஆகியவையும் இருக்கின்றன. ஆனால் ஓய்வுநாளில் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. மாறாக, அது மகிழ்ச்சியாக இருக்கவேண்டிய நாள். சூடான சாப்பாடு இல்லாமல் என்ன மகிழ்ச்சி?

இந்த இடத்தில் ஒரு பெரிய சண்டை இருந்தது. கராயர்கள் என்ற பிரிவினர் வேதநூலின் எழுத்தை மட்டுமே ஏற்றவர்கள். உங்கள் குடியிருப்புகளில் அன்று நெருப்பு மூட்டாதீர்கள் என்றால், முன்கூட்டி மூட்டிய நெருப்பும் எரியக்கூடாது என்று அவர்களில் பலர் பொருள் கொண்டார்கள். இருட்டில், குளிரில், ஆறிய உணவோடு அந்த இரவைக் கழித்தார்கள். ரபிகள் அப்படிச் சொல்லவில்லை. சூரியன் மறையும் முன்பே மூட்டிய நெருப்பு தானாக எரியலாம், முன்பே வைத்த பானை தானாக வேகலாம், கையை வைக்காதே என்றார்கள். 12ஆம் நூற்றாண்டில் செராகியா ஹலேவி என்ற அறிஞர் ஒருபடி மேலே போய், ஓய்வுநாளில் சூடாகச் சாப்பிடாதவனை மதவிரோதியோ என்று சந்தேகிக்கவேண்டும் என்றே எழுதினார். ஆக, சனிக்கிழமை மதியம் ஒரு வீட்டில் ஆவி பறக்கும் பானை இருப்பது, 'நாங்கள் இந்தப் பக்கம்' என்று சொல்வதற்குச் சமம்.

அதே பானை இன்னொரு காலத்தில் சாட்சியாகவும் ஆனது. ஸ்பெயினில் கட்டாயத்தாலோ பயத்தாலோ கிறிஸ்தவர்களாக மாறிய யூதர்கள் உண்மையிலேயே மாறிவிட்டார்களா என்று துருவ, 1478இல் மத விசாரணை மன்றம் அமைந்தது. அங்கே அந்த உணவின் பெயர் அதஃபினா. புதைத்தது, மூடியது என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. தணலுக்குள் பானையைப் புதைத்து வைத்ததால் அந்தப் பெயர். வெள்ளிக்கிழமை மாலையே சமைத்து மூடிவைத்து சனிக்கிழமை சாப்பிட்டார்கள் என்று வீட்டு வேலைக்காரர்களும் அண்டை வீட்டுக்காரர்களும் சாட்சி சொன்னார்கள். ஒரு குடும்பம் ரகசியமாக யூதர்களாகவே இருக்கிறது என்பதற்கு அது அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

இதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போனபோது அந்த வெள்ளை பிளாஸ்டிக் குக்கர் கொஞ்சம் வேறு மாதிரி தெரிந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

*

சட்டம் மட்டும் போதாது, இறைச்சியும் ஒத்துழைக்க வேண்டும். ஒரு இரவு முழுக்கச் சூட்டில் கிடந்தும் கெட்டுப்போகாமல், கரைந்தும் போகாமல், முன்பைவிட ருசியாகிற இறைச்சி எது?

இதற்கும் விடை சட்டத்திலேயே இருப்பது சுவாரசியம். மாட்டின் பின்தொடையில் ஓடும் ஒரு நரம்பை யூதர்கள் உண்ணக்கூடாது. அதை முழுதாக நீக்குவது கடினமான வேலை என்பதால், கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே பின்பாதியையே விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. முன்பாதி என்றால் நெஞ்சுப்பகுதி, தோள், முன்கால். நாள் முழுக்க உடலின் எடையைச் சுமக்கும் தசைகள். முரட்டு இறைச்சி.

இந்த இறைச்சி வேகும்போது ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஏறக்குறைய 50 பாகை செல்சியஸிலிருந்து 70 வரைக்குள் தசைநார்ப் புரதங்கள் சுருங்கி, உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து தள்ளுகின்றன. இறைச்சி காய்ந்து இறுகுகிறது. அதே நேரம், நார்களைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜென் 60 பாகைக்குமேல் மெல்ல இளக ஆரம்பிக்கிறது. 70, 80 என்று போகும்போது அது ஜெலட்டினாக மாறி நார்களுக்கிடையே வழுவழுப்பாகப் பரவுகிறது. முதல் காரியத்துக்கு நிமிடங்கள் போதும். இரண்டாவதற்கு மணிக்கணக்கில் வேண்டும். அதனால்தான் ஒரு மணி நேரம் வெந்த தொடை செருப்புத்தோல் மாதிரி இருக்கிறது, எட்டு மணி நேரம் வெந்த தொடையில் எலும்பை உருவி எடுக்க முடிகிறது. நடுவில் பொறுமை இழந்து மூடியைத் திறந்து ருசி பார்க்கிறவர், மிக மோசமான கட்டத்தில்தான் ருசி பார்க்கிறார்.

துண்டு பெரிதாக இருந்தால் இன்னொரு கணக்கும் சேர்கிறது. சூடு வெளியிலிருந்து நடுவுக்குப் போக ஆகும் நேரம், தடிமனின் இருமடியைப் பொறுத்து ஏறும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. 2 சென்டிமீட்டர் கறித்துண்டுக்கும் 10 சென்டிமீட்டர் தொடைக்கும் வித்தியாசம் ஐந்து மடங்கு இல்லை, இருபத்தைந்து மடங்கு. எங்கள் வீட்டுச் சமையலில் இந்தப் பிரச்சினையே கிடையாது. பசாரில் ஆட்டை எலும்போடு சின்னச் சின்னதாகத்தான் வெட்டித் தருவார்கள்.

"முழுத் தொடைய அப்படியே போட்டா மசாலா எப்படி உள்ள எறங்கும்?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. உப்பு மெல்ல உள்ளே போகும். மிளகாயும் மல்லியும் மேற்பரப்பைத் தாண்டி அதிகம் போகாது. பெரிய துண்டாக வேகவைக்கும் ஊர்களில் மசாலா இறைச்சிக்குள் இல்லை, சாற்றில் இருக்கிறது. பிய்த்து, அதே சாற்றில் புரட்டித்தான் சாப்பிடுகிறார்கள்.

இப்போது என் தோல்விக்கு வருகிறேன். ரொட்டிக்கடை அடுப்பும் ஸ்லோ குக்கரும் ஒன்றுதான் என்று முதலில் நினைத்தேன். இரண்டிலும் சூடு சுற்றிலுமிருந்து வருகிறது. நாக்சன் அடியில் மட்டும் வைக்காமல் பக்கங்களைச் சுற்றி வெப்பமூட்டியை வைத்ததன் புத்திசாலித்தனம் அதுதான். ஆனால் ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தால் இரண்டும் நேரெதிர். ரொட்டிக்கடை அடுப்பு மிகுந்த சூட்டில் தொடங்கி இரவெல்லாம் இறங்குகிறது. ஸ்லோ குக்கர் அறைச் சூட்டில் தொடங்கி இரவெல்லாம் ஏறுகிறது.

வில்னாவின் பானை முதலில் கொதித்துவிட்டுப் பிறகு ஓய்ந்தது. கிருமிகளுக்கு முதல் மணி நேரத்திலேயே கதை முடிந்திருக்கும். என் பானையோ, உறைந்த இரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு, கிருமிகள் குதூகலமாகப் பெருகும் 5 முதல் 60 பாகை வரையிலான தூரத்தை ஊர்ந்து கடந்துகொண்டிருந்தது. 210 வாட்டால் அவ்வளவுதான் முடியும். சிவப்பு பீன்ஸ் விஷயத்திலும் இதே எச்சரிக்கை உண்டு. அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி, குறைந்தது பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட்டால் அழிந்துவிடும். கொதிக்காமல் 80 பாகையில் அரைகுறையாக வெந்தால் நச்சு குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். பழைய அடுப்பு தானாகவே செய்த வேலையை, புதிய சட்டியில் நாம் முன்கூட்டிச் செய்துவிட்டு உள்ளே போடவேண்டும். இறைச்சியை முழுதாக உருகவைத்து, வாணலியில் எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, சாற்றைக் கொதிக்கவைத்து ஊற்றவேண்டும். கறுத்து மணக்கும் அந்த மேல்தோல் ஈரச் சட்டிக்குள் தானாக உருவாகாது. அதற்கு 140 பாகை அளவில் சூடு வேண்டும், தண்ணீர் இருக்கும்வரை சட்டி 100ஐத் தாண்டாது.

அம்மா முகர்ந்து பார்த்துக் கொட்டியது சரிதான். அவருக்கு இந்த வரைபடம் தேவைப்படவில்லை.

*

நாக்சனின் சட்டி உடனே உலகத்தைப் பிடித்துவிடவில்லை. 'நாக்சன் பீனரி' என்ற பெயரில், பீன்ஸ் வேகவைக்கும் சாதனமாகத்தான் விற்பனைக்கு வந்தது. சாப்பாட்டுக் கடைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடியது. 1970இல் அவர் ஓய்வு பெற முடிவு செய்து, தன் நிறுவனத்தை மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியிலிருந்த ரைவல் நிறுவனத்துக்கு விற்றார். வாங்கியவர்களுக்கு இந்த பீன்ஸ் சட்டி ஒரு பொருட்டாகவே இல்லை. சோதனைச் சமையலறையில் இருந்தவர்கள் இதில் வேறு என்னென்ன வேகும் என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் கதை மாறியது. பெரிய இறைச்சித் துண்டு, கோழி, சூப், எல்லாமே வெந்தன. 1971இல் சிக்காகோவில் நடந்த வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சியில் 'கிராக்-பாட்' என்ற புதுப் பெயரோடு வெளியிட்டார்கள். விலை ஏறக்குறைய 25 டாலர். அந்த ஆண்டு விற்பனை 20 லட்சம் டாலர். 1975இல் 9 கோடியே 30 லட்சம் டாலர்.

நான்கே வருடத்தில் இது எப்படி? சட்டி மாறவில்லை, வீடு மாறியிருந்தது. 1970இல் அமெரிக்கப் பெண்களில் 43 விழுக்காட்டினர் சம்பள வேலையில் இருந்தார்கள் அல்லது வேலை தேடினார்கள். 1980இல் அது 51ஐத் தாண்டியது. 1973இல் இறைச்சி விலை ஏறி, ஏப்ரலில் ஒரு வாரம் நாடு முழுக்க இல்லத்தரசிகள் இறைச்சியைப் புறக்கணித்தார்கள். அதே ஆண்டு இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தது. மலிவான முரட்டு இறைச்சி, குறைந்த மின்சாரம், ஆளில்லாத அடுப்பு என மூன்றுக்கும் ஒரே விடையாகக் கிராக்-பாட் இருந்தது. விளம்பரங்கள் பெண்களிடம் சொன்னது ஒன்றுதான். காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போங்கள், மாலை வரும்போது சாப்பாடு தயார்.

இங்கேதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. வாரத்தில் ஒரு நாளாவது யாரும் வேலை செய்யக்கூடாது என்பதற்காகப் பிறந்த பானை அது. அந்த நாளில் அம்மாக்களுக்கும் விடுமுறை உண்டு. வேலைக்காரர்களும் அன்று வேலை செய்யக்கூடாது என்று பழைய சட்டம் தனியாகவே சொல்கிறது. அதே பானை இப்போது, வாரத்தில் எல்லா நாளும் வேலைக்குப் போவதற்கு வழி செய்யும் சாதனம் ஆகிவிட்டது. சமையல் வேலை வீட்டில் வேறு யாருடைய கைக்கும் மாறவில்லை. பெண் வேலைக்குப் போகும் நேரத்திலும் சமையலும் நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். வெங்காயம் நறுக்குவது காலை ஆறு மணிக்கு நகர்ந்தது.

இதையும் நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தச் சட்டி இல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் மாலை ஏழு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்திருப்பார்கள். இரண்டில் எது மேல் என்று எனக்கே தெரியும். நானும் அதற்காகத்தானே வாங்கினேன்?

*

காப்புரிமை கிடைத்தது 1940 ஜனவரியில் என்று சொன்னேன். அதற்கு ஒன்றரை ஆண்டுக்குள், 1941 ஜூனில், ஜெர்மன் படை வில்னாவுக்குள் நுழைந்தது. 'லித்துவேனியாவின் ஜெருசலேம்' என்று அழைக்கப்பட்ட ஊர் அது. போருக்கு முன் 50,000க்கும் அதிகமான யூதர்கள் அங்கே வாழ்ந்தார்கள். ஊருக்கு வெளியே பொனாரி என்ற காட்டில், எண்ணெய்த் தொட்டிகளுக்காகத் தோண்டியிருந்த குழிகளின் ஓரத்தில் அவர்களை நிறுத்திச் சுட்டார்கள். 1941 முதல் 1944 வரை அங்கே கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய 70,000 பேர் யூதர்கள். போர் முடிந்தபோது வில்னாவின் யூதர்களில் மிகச் சிலரே எஞ்சியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமைப் பானைகளை ஏந்திக்கொண்டு போன தெருக்கள் இருந்தன, போவதற்குத்தான் ஆளில்லை. ஒரு மகன் தன் அம்மாவிடம் கதை கேட்டு, அதை அளவுகளோடு வரைந்து, அரசாங்க அலுவலகத்தில் பதிந்துவைத்தபோது இப்படி ஆகும் என்று நினைத்திருக்க முடியாது. 1945இல் அவர் தன் நாஹும்சோன் என்ற பெயரை நாக்சன் என்று சுருக்கிக்கொண்டார். போர்க்காலத்தில் ஜெர்மன் சாயலுள்ள பெயர் சங்கடமாக இருந்தது என்பதுதான் காரணமாம். யூதர் ஒருவருக்கு அந்தக் காரணத்தால் பெயர் சங்கடமானது என்பதை நான் இரண்டு முறை படித்தேன்.

காப்புரிமைத் தாளில் தமாராவின் பெயர் இல்லை. இருக்கவும் முடியாது. கதை சொல்வதற்குக் காப்புரிமை கிடையாது.

பினாங்கில் ஜாலான் சைனல் அபிடின் வழியாக நான் பலமுறை போயிருக்கிறேன். முன்பு அதன் பெயர் ஜாலான் யாஹுடி, யூதர் தெரு. சுவருக்குப் பின்னால் இப்போதும் யூதர்களின் இடுகாடு இருக்கிறது. இங்கே வந்த யூதர்களில் பெரும்பாலோர் பாக்தாத் வழிவந்த வணிகக் குடும்பத்தினர். வில்னாவிலிருந்து வந்தவர்கள் அல்லர். ஆனால் பாக்தாத் யூதர்களுக்கும் இரவு முழுக்க வேகும் ஒரு சனிக்கிழமைப் பானை உண்டு. கோழியும் அரிசியுமாக, பெயர் தபீத். ஒரே சட்டம், அவரவர் ஊரின் விளைச்சல். அந்த இடுகாட்டில் கடைசி அடக்கம் 2011இல் நடந்தது. ஸ்லோ குக்கரைப் பற்றிப் படிக்காமல் இருந்திருந்தால் அந்தச் சுவரை நான் ஒரு காலி நிலத்தின் சுவராகவே கடந்துபோயிருப்பேன்.

*

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். வில்னா எங்கே இருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். அந்தச் சின்னப்பெண் பானையைத் தூக்கிக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போன இடத்தில் நிறுத்தி, "என்ன வயசு இருக்கும்?" என்றார்.

"தெரியலம்மா. சின்னப் பிள்ளதான்."

கொஞ்ச நேரம் வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார். பிறகு பாட்டியைப் பற்றிச் சொன்னார். பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போகவேண்டும். அதற்கும் முன் எழுந்து, பருப்பையோ எலும்பையோ பானையில் போட்டு, விறகை வெளியே இழுத்து, தணலைச் சாம்பலால் மூடி, அதன்மேல் பானையை வைத்துவிட்டுப் போவாராம். மத்தியானம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்போது வெந்திருக்கும். இதை நான் ஏற்கனவே கேட்டிருக்கிறேன். அதஃபினா என்ற சொல்லின் பொருளைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததும் இதுதான். அதை அம்மாவிடம் உற்சாகமாகச் சொன்னேன். பாட்டியும் ஆளில்லாத அடுப்பில்தான் சமைத்தார், பார்த்தீர்களா என்றேன்.

"ஆளில்லாத அடுப்புன்னு யாரு சொன்னா?" என்றார் அம்மா. "ஆளு நான்தான்."

தணல் அணைந்துவிடாமல், அதிகம் பற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருத்தி இருக்கவேண்டும். ஒன்பது வயதில் அம்மாதான் மூத்தவர். தம்பி தங்கைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்து அடுப்பங்கரையில் உட்காருவார். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒருமுறை விளையாடப் போய்விட்டுத் திரும்பிவந்தபோது பானை அடிப்பிடித்துப் பாதி கரியாகிக் கிடந்தது. அன்று யாரும் சாப்பிடவில்லை. பாட்டி அடிக்கவில்லை, அழுதாராம். ஆறாம் வகுப்போடு அம்மாவின் படிப்பு முடிந்தது. பிறகு பினாங்குக்கு வந்து, 30 வருடம் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர் வேலை. காலை ஷிஃப்ட் என்றால் நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவைத்துவிட்டுப் போவார். நான் பல்கலைக்கழகத்தில் வெப்பப் பரிமாற்றம் படித்தது அந்தச் சம்பளத்தில்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தது 1974, 75. அமெரிக்காவில் அந்தச் சட்டி கோடிக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த ஆண்டுகள். தோட்டத்து லயத்தில் அப்போது அதைச் செருக ஒரு சுவிட்ச்கூட இருந்திருக்காது.

ஆளில்லாத அடுப்பு அம்மாவுக்கு ஏன் பிடிக்காது என்று 28 வருடமாக அவரோடு வாழ்ந்துவிட்டு இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன். அதற்கு வில்னா வரைக்கும் போய்வர வேண்டியிருந்தது.

இன்று பல யூத வீடுகளில் ச்சோலந்த் வேகுவது ஸ்லோ குக்கரில்தான். வெள்ளிக்கிழமை மாலை சூரியன் மறையும் முன் சுவிட்சைப் போடுகிறார்கள். யாரும் மறந்துபோய்த் திருகிவிடக்கூடாது என்று திருகியை மூடிவைப்பவர்களும் உண்டு. ரொட்டிக்கடையிலிருந்து கிளம்பிய பானை, காப்புரிமை அலுவலகம், கண்காட்சி, சம்பள வேலை எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத் தன் சனிக்கிழமைக்கே திரும்பிவிட்டது.

போன சனிக்கிழமை இரவு இன்னொரு ஆட்டுத்தொடை வைத்தோம். இரண்டு நாள் கீழ்த்தட்டில் வைத்து உருகியது. அம்மா வறுத்தார், நான் சாற்றைக் கொதிக்கவைத்து ஊற்றினேன். சோம்பு, பட்டை, மிளகு, நிறைய சின்ன வெங்காயம். ஒன்பது மணிக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டு, மூடியைத் திறக்கக்கூடாது, ஒருமுறை திறந்தால் கால் மணி, இருபது நிமிடச் சூடு போய்விடும் என்று அம்மாவிடம் சொன்னேன். "சரி, சரி, போய்ப் படு" என்றார்.

மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. அம்மா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூடியில் ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்கலயாம்மா?"

"தூக்கம் வரல. சும்மா உக்காந்திருக்கேன்."

"தெறந்தீங்களா?"

"ஒரே ஒரு தடவ."

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். காலையில் எலும்பு தனியாகக் கையோடு வந்தது. பிய்த்து, சாற்றை வற்றவிட்டுப் புரட்டி, இட்லியோடு சாப்பிட்டோம். அம்மா இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "அடுத்த தடவ துண்டா வெட்டிப் போடுவோம்டா."